சொல்லிவிடுவேன் என்று சொன்னவள்

கவுன்சிலிங் டிப்ளமோவில் விஜயகுமாரிக்குப் பயிற்சிக்காக ஒதுக்கிய பள்ளி தீவுத் தலைநகரை ஒட்டிய கராச்சர்மாவில் இருந்தது. பக்கத்தில் லம்பா லைன் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தங்கி, பஸ்ஸில் போய் வந்தாள். கப்பல் ஏறிப் போக வேண்டிய கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அங்கிருந்து இப்படியொரு படிப்புக்கு வேறு யாரும் வந்ததாக அவளுக்குத் தெரியாது. பள்ளியில் அவளுக்குக் கிடைத்தது விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் அறை. கேரம் போர்டுகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டாள்.

அவளுடைய பயிற்சியை மேற்பார்வை பார்த்த ஷீலா மேடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். எந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும், "நீ சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் வெளிய சொல்லித்தான் ஆகணும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டதும் பல பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். பதினொன்றாம் வகுப்பு சௌமியாவும் அப்படித்தான். வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் அனுப்பிவைத்த பெண். கேரம் காய்களை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்துவிட்டு, "டீக் ஹை மேடம், எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் காலையில் அவளாகவே வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"ஹிந்தியில பேசலாமா மேடம்? வீட்ல தமிழ்லதான் திட்டு விழும். அதுல இதைச் சொல்ல வரல."

அவள் அப்பா ஸ்ரீதர் படகுத்துறை கட்டும் ஜெட்டி வேலை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டர். குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். போன வாரம் அம்மா ஷோபனாவின் கை முறிந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தடுக்கப் போன சௌமியாவுக்கும் விழுந்தது. சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள். தோள் வரைக்கும் பெல்ட் தடம் கன்றிப்போயிருந்தது.

"அடுத்த தடவை அம்மா செத்துருவாங்க." இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

விஜயகுமாரி அந்தச் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டாள். "இதை நான் வெளிய சொல்லணும் சௌமியா. அன்னிக்கே சொன்னேன்ல."

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன். அம்மா யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. நீங்க சொல்லுவேன்னு சொன்னீங்க."

பள்ளி வழக்கப்படி எதையும் முதலில் பிரின்சிபால் ஜம்புலிங்கத்திடம் சொல்ல வேண்டும். ஜம்புலிங்கம் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஸ்ரீதர் தங்கமான ஆளும்மா. நம்ம ஹாலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவரு. வயசுப் பொண்ணு, ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லும். நான் அவரைக் கூப்பிட்டு இதமாப் பேசுறேன்."

"வேணாம் சார். அவருக்குத் தெரிஞ்சா இன்னிக்கே அந்தப் பிள்ளைய—"

"நீங்க டிரெய்னிதானே?" என்றபடியே அவர் போனை எடுத்தார்.

விஜயகுமாரி வராந்தாவுக்கு ஓடிவந்து குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினாள். மழைச் சத்தத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது. பிறகு ஷீலா மேடத்துக்குப் பேசினாள். "சரியாத்தான் செஞ்சிருக்க. என் பேரையும் கொடு. அவங்க வர்ற வரைக்கும் பிள்ளைய விட்டு நகராதே" என்றார் அவர்.

அவள் வகுப்புக்குப் போனபோது சௌமியாவின் பெஞ்சில் பை இல்லை. அப்பா வந்து கூட்டிப் போய்விட்டார் என்றார்கள் பிள்ளைகள்.

குழந்தைகள் நல அதிகாரிகள் போலீஸுடன் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது. சௌமியாவின் முன்பற்கள் இரண்டு போயிருந்தன. படியில் விழுந்துவிட்டாள் என்றார் ஸ்ரீதர். ஷோபனாவும் மாவுக்கட்டுப் போட்ட கையோடு நின்று, அதையேதான் சொன்னாள். தனக்குப் புகார் எதுவும் இல்லை என்று கையெழுத்தும் போட்டாள். சௌமியா மட்டும் வீங்கிய வாயோடு நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவளைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தார்கள். ஸ்ரீதர் மேல் வழக்குப் பதிவானது. சில நாட்களில் ஜாமீனில் வீடு திரும்பிவிட்டார்.

அந்த வாரமே, விஜயகுமாரி இனி வர வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஷீலா மேடம் வேறு பள்ளியில் இடம் பிடித்துக் கொடுத்தார். போன இடத்திலும் அவள் ஒவ்வொரு பிள்ளையிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கிப்போவது அவளுக்கே கேட்டது.

அனுமதி கிடைத்ததும் காப்பகத்துக்குப் போனாள். சௌமியா கொஞ்சம் தேறியிருந்தாள். வாயைக் கையால் மறைத்தபடி பேசினாள். இங்கே நன்றாகத் தூக்கம் வருகிறது என்றாள்.

"அம்மா வந்தாங்களா?" என்று கேட்டாள் விஜயகுமாரி.

"நஹி, வரல. அப்பா விட மாட்டார்." சௌமியா கையை எடுத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தாள். "நான் அம்மாவுக்காகத்தான் சொன்னேன் மேடம். நீங்க என்னைய மட்டும் வெளிய கொண்டாந்துட்டீங்க."

எதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விஜயகுமாரி அதில் எதையும் எடுக்கவில்லை. "ஆமா" என்றாள். பார்வை நேரம் முடிந்ததென்று வார்டன் வந்து சொல்லும்வரை இருவரும் ஒரே பெஞ்சில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.