சாவிதாரரின் முடிவே இறுதியானது

எங்கள் கட்டடத்துக்கு ஒன்பது மாடி, ஒரே லிஃப்ட். ஒரு நாளைக்கு முப்பது தடவைக்கு மேல் ஓட்டினால் மோட்டார் எரிந்துவிடும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை பத்து மணிக்குள் முப்பதும் தீர்ந்தது. அதற்கடுத்த நாள் எட்டு மணிக்குள். மூன்றாம் நாள் லிஃப்ட் வாசலில் அடிதடி. ஆறாவது மாடி டீச்சரம்மாவை யாரோ பிடித்துத் தள்ளியதில் முன்பல் இரண்டு போயின. தள்ளியது யார் என்று இன்றுவரை தெரியாது. எல்லோரும்தான் தள்ளிக்கொண்டிருந்தோம்.

எனக்கு மற்றவர்களைவிட அவசரம் அதிகம். எட்டாவது மாடியில் என்னோடு அண்ணன் இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. சக்கர நாற்காலி. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், இரண்டாவது தவறினால் மூச்சு முட்டும். மூன்றாவதைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை.

கூட்டம் போட்டோம். லிஃப்டைப் பூட்டி, சாவியை ஒருவரிடம் கொடுப்பது என்று முடிவானது. யாரிடம் என்பதில்தான் இழுபறி. கடைசியில் தரைத்தளத்து வாட்ச் ரிப்பேர்காரர் பேர் அடிபட்டது.

"அவருக்கு லிஃப்டே தேவையில்ல. அவர் எதுக்கு ஓரவஞ்சனை பண்ணப் போறாரு?" என்றார் டீச்சரம்மா, வாயைக் கையால் மறைத்தபடி.

"அது வாயில்லாப்பூச்சி. அதட்டினா அழுதுடும்" என்றார் அண்ணன்.

கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வேலை செய்வதால் அண்ணன் அவரை ஒத்தக்கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அன்று கூட்டத்தில் வைத்தும் அப்படியே கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தோம். வாட்ச் ரிப்பேர்காரரும் சிரித்தார்.

விதிகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றறிக்கை தயாரிக்கிறவன். எங்கள் சுற்றறிக்கை எல்லாவற்றிலும் கடைசியில் வரும் வரியைக் கைப்பழக்கத்தில் இதிலும் போட்டுவிட்டேன்: 'சாவிதாரரின் முடிவே இறுதியானது. மேல்முறையீடு இல்லை.' யாரும் படிக்கவில்லை. முப்பத்தாறு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. அதைச் சொல்லியாக வேண்டும். அடிதடி இல்லை, கூச்சல் இல்லை, முடியாதவர்களுக்கு முதலிடம். பிறகு அவர் கடையைத் தாண்டும்போது நாங்களாகவே குரலைத் தாழ்த்தினோம். அவர் எதிரில் வந்தால் எழுந்து நின்றோம். அவர் கேட்கவேயில்லை.

மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுக்கு இனிமே வாரத்துக்கு ஒரு தடவதான். இந்த வாரத்துது நேத்தே முடிஞ்சிடுச்சு."

"அண்ணன் மூணு நாள் போயாகணும்னு உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும்." வாட்சிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"அப்புறம் எப்படி சார்?"

"மேல்முறையீடு இல்லன்னு போட்டிருக்கே. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

புதன்கிழமை அண்ணனை முதுகில் சுமந்து இறங்கினேன். நாலாவது மாடியில் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். "என்ன இங்கயே போட்டுட்டுப் போடா. மிதியடின்னு நெனச்சு கால் தொடச்சிட்டுப் போவாங்க" என்றார். அங்கிருந்தே திரும்பி ஏற இரண்டு மணி நேரம் ஆனது, டயாலிசிஸ் தவறியது. வெள்ளிக்கிழமை என் இடுப்பு நிமிரவில்லை, போகவில்லை. சனிக்கிழமை அண்ணனால் படுக்க முடியவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே மூச்சு வாங்கினார்.

வீடு வீடாகப் போய், சாவியை வாங்கி வேறு யாரிடமாவது கொடுப்போம் என்று கெஞ்சினேன். கதவைப் பாதி திறந்தே பேசினார்கள். டீச்சரம்மா மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"பாவமாத்தான் இருக்கு தம்பி. ஆனா இன்னிக்கு இவர்கிட்டருந்து புடுங்கினா நாளைக்கு இன்னொருத்தர்கிட்டருந்தும் புடுங்குவாங்க. மறுபடியும் லிஃப்ட் வாசல்ல முட்டி மோதணும். உங்க அண்ணன் ஒருத்தருக்காக நாங்க அத்தன பேரும் அடிச்சிக்கணுமா?"

அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று இப்போதும் தேடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாட்ச் கடைக்குப் போனேன். "அண்ணன் ஒத்தக்கண்ணுன்னு கூப்பிட்டதுக்கு நான் உங்க கால்ல விழுறேன் சார்."

"கால்ல விழ நெறைய பேர் இருக்காங்க. லிஃப்ட் வாசல்ல நிக்கத்தான் ஆள் இல்ல. நான் வேணாங்கற ஆள நீ தடுக்கணும். நின்னேன்னா உங்க அண்ணனுக்கு மூணு நாளும் உண்டு."

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதைக் கவனித்தேன்.

"மாட்டேன்னா?"

அவர் இடுக்கியால் ஒரு சின்ன முள்ளை எடுத்து இடத்தில் வைத்தார்.

திங்கட்கிழமை மாலை, டயாலிசிஸ் முடித்து அண்ணனை நாற்காலியோடு லிஃப்டுக்குள் தள்ளி நிறுத்தினேன். டீச்சரம்மா நொண்டிக்கொண்டே வந்தார்.

"இருங்க தம்பி. கால் பிசகிடுச்சு. ஓரமா நின்னுக்கறேன்."

கடைப்பக்கம் பார்த்தேன். வாட்ச் ரிப்பேர்காரர் தலையை இடவலமாக ஆட்டினார்.

"உங்க தடவ முடிஞ்சிடுச்சு டீச்சர்."

"வெளையாடாதீங்க தம்பி" என்று கதவுச் சட்டத்தைப் பிடித்தார்.

நான் உள்ளே ஏறிக் கம்பிக்கதவை இழுத்தேன். அவருடைய விரல்கள் நடுவில் மாட்டின. அவர் அலறியதும் என் கை நின்றுவிட்டது. கடையில் வாட்ச் ரிப்பேர்காரர் லென்ஸைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, டீச்சரம்மாவின் கையைத்தான் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இழுத்துச் சாத்துடா" என்றார். "சரியா சாத்தலேன்னா கிளம்பாது."

சாத்தினேன்.