எட்டுக் காலும் இடிக்காமல்

முதுகில் இருபத்தாறு கொக்கிகள். கடைசிக் கொக்கியை நான் மாட்டி முடித்ததும் ஒட்டடைக்குச்சி மூச்சை விட்டாள். பிரம்பை வளைத்துப் பட்டு சுற்றி, இடுப்புக்கு இரண்டு பக்கமும் நாலு நாலாகக் கட்டியிருந்த எட்டுக் கால்களும் அவளோடு சேர்ந்து மூச்சு விட்டன. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். “அக்கா, என்னைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு.”

பாலே குழு ஒன்றின் உடுப்பு அறையில் தைப்பதும் மாட்டிவிடுவதும் அப்போது என் வேலை, கண்ணுகளா. ஒட்டடைக்குச்சி என்பது அவளோடு ஆடுகிறவர்கள் வைத்த பெயர். அவ்வளவு உயரம். அந்த உயரம்தான் அவளை ஒன்பது வருஷம் கடைசி வரிசையில் நிறுத்தி வைத்திருந்தது. கடல் கதை ஒன்றை ஆடப்போவதாக முடிவானதும், நண்டு ராணிக்கு நீளமான உடம்பு வேண்டுமென்று நடன மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். மூன்று நிமிஷம், மேடையில் அவள்தான் ராணி. கடைசி வரிசைக்காரிக்கு அது மூன்று வருஷத்துக்குச் சமம்.

சாதாரண உடுப்பில் ஆடிய வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நண்டாக ஆடிய முதல் ஒத்திகையில், மூன்றாவது சுற்றில், பின்னங்கால் ஒன்று ஜெல்லிமீன் வேஷக்காரியின் சல்லாத்துணியில் மாட்டிக்கொண்டது. இவளுக்குத் தெரியவில்லை. மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஜெல்லிமீனை இழுத்துக்கொண்டே ஆடினாள். அந்தப் பெண்ணும், பாவம், காட்டிக்கொடுக்காமல் நுனிக்காலில் தத்தித் தத்திக் கூடவே போனாள். பியானோக்காரர் சிரிப்பு தாங்காமல் வாசிப்பை நிறுத்திவிட்டார். மாஸ்டர் சிரிக்கவில்லை. மறுநாள் மதியம் இன்னொரு தடவை பார்ப்பதாகவும், அப்போதும் எதிலாவது இடித்தால் நண்டு ஆட்டத்தையே எடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. காலுக்கு ஒரு சாண் வெட்டிவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றேன்.

“வேணாம்க்கா. ஒரு மாசமா கண்ணு நோகத் தைச்சிருக்கீங்க. உடுப்பு சரியாத்தான் இருக்கு. நான்தான் இன்னும் நண்டாகல.”

சாயங்காலம் அவளை அழைத்துப்போக அவள் கணவர் வந்தார். பஸ் ஓட்டுகிறவர். நடைவழிக் கதவில் சிக்கிக்கொண்டு நின்ற மனைவியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“நீ இடுப்பு வரைக்கும்தான் திரும்புற. வளைவுல நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தாலும் என் உடம்பு பின்சக்கரம் வரைக்கும் இருக்கும்.”

“உங்க பஸ் நுனிவிரல்ல நிக்குமா?”

“நீ பிரேக் போட்டுப் பழகு, அப்புறம் பஸ்ஸைக் கேளு.”

நடைவழியின் இரண்டு பக்கமும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பின்னாலேயே நடந்து, “வரலாம், வரலாம், லெஃப்ட்ல கொஞ்சம்” என்று கை காட்டினார், கண்ணை மூடியிருப்பவளுக்கு. நாற்காலிகள் சரிந்தன. எடுத்து நிறுத்தி, இன்னும் நெருக்கிப் போட்டார். நான் ஊசியைக் குத்திய இடத்திலேயே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகப்போக நாற்காலி விழும் சத்தம் குறைந்தது. ஒரு காலின் நுனி நாற்காலியை நெருங்கும்போது, தொடுவதற்கு முன்பே அவள் தோள் லேசாகச் சிலிர்த்து விலகியது. பிரம்பை வளைக்க எனக்குத் தெரியும். பிரம்புக்குள் ரத்தம் ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் மதியம் மாஸ்டர் வேண்டுமென்றே நாற்காலியை மேடைக்குள்ளேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடியில் குறிப்புத் தாள், கையில் பென்சில். முதல் சுற்று, இரண்டாவது. மூன்றாவதில் ஜெல்லிமீன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பின்னங்கால் அவள் சல்லாத்துணியை ஒட்டிக் காற்றுபோலப் போனது. ஓரத்தில் நின்றவர்கள் எல்லோருமாக, உதடு மட்டும் அசைய, “வரலாம், வரலாம்” என்றார்கள். நடைவழிக் கதை அதற்குள் குழு முழுக்கப் பரவியிருந்தது.

கடைசிச் சுற்று மாஸ்டரை நோக்கி வந்தது. அவர் அவள்மேலிருந்து கண்ணை எடுக்காமல் தம் கால்கள் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். எட்டாவது காலின் நுனி அவர் மடிக்கு மேலாகக் கடந்தது. தாளின் ஓரம் மட்டும் ஒருமுறை எழும்பிப் படிந்தது.

அவள் நின்றாள். கால்கள் எட்டும் மெல்ல மூச்சு வாங்கின. மாஸ்டர் எதையும் எழுதவில்லை. பியானோக்காரர் யாரும் சொல்லாமலே இசைத்தாள்களைப் புரட்டி, நண்டு ஆட்டத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.