பத்துச் சொட்டு

அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் எங்கள் மருத்துவமனைக்கு ஒஸ்மாரைத் தூக்கிவந்தபோது ஊரே மதியத் தூக்கத்தில் இருந்தது. அறுபத்தெட்டு வயது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் மெல்ல வந்தது.

"இவரோட அண்ணனை இன்னைக்கு அடக்கம் பண்றாங்க," என்றாள் மனைவி நெலிதா. "அங்க உடைஞ்சுபோயிடுவாருன்னு பக்கத்து வீட்டு கோக்கா தன்னோட தூக்க மாத்திரையில ரெண்டு குடுத்தா. அதுக்கு மேல இவரு ஒரு கிளாஸ் வைன் வேற குடிச்சாரு."

"வழக்கமா மருந்து ஏதாவது சாப்பிடுறாரா?" டாக்டர் இதுர்ரால்தே கேட்டார்.

"எங்க கிழவரா? ஆஸ்பிரினைக்கூடத் தொடமாட்டாரு. தலைவலின்னா என்னைத்தான் திட்டுவாரு."

தூக்க மாத்திரையை முறிக்கும் மாற்று மருந்தை டாக்டர் கேட்டார். நான் மருந்தகப் பயிற்சியில் இருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் ஊசியில் ஏற்றினார்.

கைக்குட்டைக்காக நெலிதா பையைத் திறந்தாள். மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடிக்கும் சுரைக்குடுவைக்கும் வெந்நீர் ஃபிளாஸ்க்குக்கும் நடுவே சின்னப் பழுப்புக் குப்பி.

"அது என்னங்க?" என்றேன்.

"இதா? மருந்தில்லம்மா, சொட்டு. இவருக்கு ராத்திரி பத்து. இருபது வருஷமாச்சு. எங்க தெருவுல யாருதான் போடல?"

மூளையில் காபா என்ற பொருள் நரம்புகளை அடக்கிவைக்கிறது. அது சேரும் ஏற்பிகளில், தூக்க மாத்திரை இனத்தையே சேர்ந்த இந்தச் சொட்டும் ஒட்டி அடக்கத்தைக் கூட்டும். ஆண்டுக்கணக்கில் போட்டால் ஏற்பிகள் மந்தமாகிவிடும். சொட்டில்லாமல் காபா மட்டும் போதாது. மாற்று மருந்து சொட்டை ஒரே நொடியில் பிடுங்கிவிடும். பிறகு வலிப்பு. அவர் வயதில் அதிலிருந்து மீள்வது கடினம்.

"டாக்டர், போடாதீங்க."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஊசி முனை ஒஸ்மாரின் கையில் செருகியிருந்த குழாயைத் தொட்டிருந்தது.

"போடாதீங்க!"

திரும்பினார். குப்பியை வாங்கி நீட்டினேன். "இருபது வருஷமா ராத்திரி இதைப் போடுறாராம்."

"இருபது வருஷமா? நான் கேட்டேனே அம்மா!"

"மருந்தைத்தானே டாக்டர் கேட்டீங்க?"

அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். ஆக்சிஜன் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். நெலிதா அவர் நெஞ்சில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கை கொஞ்சம் எழுந்தது.

ஐந்தரைக்குக் கண் திறந்தார்.

"நேரமாச்சா? என் கறுப்புக் கோட்டு எங்க?"

"அண்ணனை எடுத்துட்டாங்க, ஒஸ்மார். எல்லாம் முடிஞ்சிருச்சு."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அழவில்லை.

நெலிதா எழுந்து குப்பியோடு குப்பைத் தொட்டிக்குப் போனாள். "இந்தச் சனியனே வேணாம்."

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "எறியாதீங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வந்துரும். கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும். டாக்டர் சொல்வாரு."

"எவ்வளவு நாளாகும்?"

"மாசக்கணக்குல."

அவள் குப்பியைப் பார்த்தாள். மூடியை இறுக்கித் திருகி, பையில் குடுவைக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தாள்.