எட்டாவது தடவை ஆரம்ப நிலை

அந்த நாட்டு மொழியின் ஆரம்ப நிலைப் படிப்பை நான் ஏழு தடவை படித்திருக்கிறேன். ஏழு தடவையும் தேறவில்லை. தேறாமல் இருப்பது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். ஐம்பது கேள்விக்கும் தப்பாகப் பதில் எழுத வேண்டுமென்றால், ஐம்பதுக்கும் சரியான பதில் தெரிந்திருக்க வேண்டும். நாலாவது தடவை கவனம் பிசகித் தேறிவிட்டேன். டீச்சரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, தாளை மறுபடி திருத்தச் சொல்லி, ஒருவழியாகத் தோற்றேன். ஆறாவது தடவை அவருக்குப் பல்வலி வந்தபோது ஒரு வாரம் வகுப்பெடுத்ததே நான்தான். என்னிடம் படித்தவர்கள் அத்தனை பேரும் தேறினார்கள்.

எல்லாம் என் வீட்டுக்காரிக்காக. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில், என்னைவிட மூத்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிற வேலை அவளுக்கு. அவளுடைய விசாவில் புருஷனைக் கூட வைத்துக்கொள்ள இடமில்லை. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற நான் அவளோடு இருக்க ஒரே வழி, மாணவனாவதுதான். மூன்று மாதப் படிப்பு, மூன்று மாத விசா. முடிந்ததும் ஊருக்கு வந்து, பெட்டியில் கொண்டுவந்த துணி துவைத்துக் காய்வதற்குள் அடுத்ததற்கு எழுதிப் போட்டுவிடுவேன். மேல் நிலைப் படிப்புக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. தேறினவனுக்கு ஆரம்ப நிலையில் மறுபடி இடமில்லை. ஆகவே தேறாமல் அதிலேயே கிடந்தாக வேண்டும். "சட்டத்துல ஓட்டை தேட வேணாம் மாமா, கதவே தெறந்துதான் இருக்கு" என்றான் ஏஜெண்டுத் தம்பி.

அவள் அறையில் ஒரு கட்டில், ஒரு மின் அடுப்பு. வீட்டுப்பாடம் எழுதியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் எனக்குத் தட்டு வைப்பாள்.

எட்டாவது தடவை, விமான நிலைய கவுன்ட்டரில் என் பாஸ்போர்ட்டை வாங்கிய அதிகாரி அம்மாள் பக்கங்களைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொள்கிற முகம் எனக்குத் தெரியும். முப்பது வருஷம் நானே அதைத்தான் வைத்திருந்தேன். என்னைச் சின்ன அறை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில்.

எதற்காக வருகிறீர்கள் என்று அவர் மொழியில் கேட்டார்.

நன்றாகப் பேசினால் உனக்கெதற்கு ஆரம்ப நிலை என்பார். திக்கினால் ஏழு தடவை என்னத்தைப் படித்தாய் என்பார். எதைச் செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் முந்திக்கொண்டது. ஒரு பிசகு இல்லை. அதிகாரி அம்மாள் பாராட்டினார். பாராட்டிவிட்டு, நான் படிக்க வரவில்லை, படிப்பு விசாவை வைத்துக்கொண்டு இங்கேயே குடியிருக்கிறேன் என்று எழுதினார். எனக்கே வாசித்துக் காட்டினார். அதிலும் தப்பு ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். ஐந்து வருஷத்துக்கு எந்த விசாவும் கிடையாது. பகல் ஒன்றரை மணி விமானத்தில் திரும்ப வேண்டும்.

ஒரு போன் பேச விட்டார்கள். வீட்டுக்காரி வெளியே, பயணிகள் வருகிற வாசலில் நின்றுகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லாப் பேசித் தொலைச்சிட்டீங்களா?"

"ஆமா."

"ஏழு தடவை ஃபெயிலாகத் தெரிஞ்ச மனுஷனுக்கு, இன்னிக்குன்னு பார்த்துப் பாஸாகணுமா?"

சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவள் ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. இடையில் விட்டால் அந்த வேலைக்கு மறுபடி எடுக்க மாட்டார்கள். இது அவளுக்கும் தெரியும்.

"விட்டுட்டு வந்துடவா?"

"வேணாம்."

அவளும் மறுபடி கேட்கவில்லை. இரண்டு மணிக்கு அவளுக்கு டியூட்டி. பஸ் எத்தனை மணிக்கு என்றேன். இன்னும் ஏழு நிமிஷம் என்றாள்.

"அதுவரைக்கும் பேசுங்க."

பஸ் கூட்டமாக இருக்குமா என்று கேட்டேன். இந்த நேரத்தில் இருக்காது என்றாள். வந்துவிட்டதா என்றேன். இல்லை என்றாள். பிறகு வந்தது. ஏறினாள். இடம் கிடைத்ததா என்றேன்.

"கிடைச்சுது. ஜன்னலோரம். பக்கத்துல ஆள் இல்ல."