திங்கட்கிழமை முத்திரை

நனைந்த குடையைக் குணமணி என் நாற்காலிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாய லேபார் விமான நிலையத்தில், பாதுகாப்பைக் கவனிக்கும் அலுவலகத்தில் நான் பன்னிரண்டு வருஷக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரி அவள் வேலைக்கு வந்து எட்டு மாதம்.

விமானிகள் தாங்கள் செய்த தவற்றைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். பெயர் வேண்டாம், தண்டனையும் கிடையாது. அரசாங்கத் திட்டம். இரண்டு வருஷம் ஆனதும், அதனால் பலன் உண்டா என்று பெரிய அதிகாரி கேட்டார். முதல் வருஷம் ஒன்பது சீட்டு, அடுத்த வருஷம் முப்பத்தொன்று; தவறு கூடிவிட்டது, திட்டம் தோல்வி என்றேன்.

"தவறு கூடேல்லை, அண்ணை. பயம் குறைஞ்சு போச்சு. அதாலதான் சொல்லினம்" என்ற குணமணி, அதையே அவரிடம் இங்கிலீஷில் சொன்னாள். அறிக்கையை இந்தப் பெண்ணே எழுதட்டும் என்றுவிட்டார். யாழ்ப்பாணத்து இங்கிலீஷ் என்றால் இந்த அதிகாரிகளுக்குத் தேன். அன்று மாலை சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை என் வயிறு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான்.

திங்கட்கிழமை பெட்டியில் ஒரு சீட்டு. மழையில் ஓடுபாதை விளக்குகளைப் பார்த்து உயரத்தைத் தப்பாகக் கணித்து, தென்னைமரங்களுக்கு மேல் ரொம்பத் தாழ வந்துவிட்டதாக ஒரு விமானி எழுதியிருந்தார். கைப்பழக்கத்தில் தேதி முத்திரை குத்தினேன். மற்றவர்கள் உஷாராக இருக்க, அன்றே குணமணி அதை நகலெடுத்து விமானிகள் அறைப் பலகையில் ஒட்டவேண்டும். அவள் அறிக்கைக்கு நான் ஏன் தீனி போடவேண்டும்? இழுப்பறையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் தள்ளினேன்.

வியாழக்கிழமை இன்னொரு சீட்டு. அதே மழை, அதே தென்னைகள். இந்தத் தடவை சக்கரம் ஓலையை உரசியிருக்கிறது.

குணமணி அதை இரண்டு தடவை படித்தாள். "இதுக்கு முன்னாலயும் ஆருக்காவது நடந்திருக்கும். சொல்லியிருந்தா எல்லாரையும் எச்சரிச்சிருக்கலாம். இன்னும் மறைக்கினம். நீங்கள் சொன்னதுதான் சரி, அண்ணை. திட்டம் தோல்விதான்."

டைப்ரைட்டரிலிருந்து தாளை உருவி, தான் எழுதியிருந்த வரிகளைப் பேனாவால் கோடிட்டு அடிக்க ஆரம்பித்தாள். நான் ஜெயித்துவிட்டேன். அந்த அறிக்கை போனால் பெட்டியையே எடுத்துவிடுவார்கள். அடுத்த மழைக்கு வருகிறவனுக்கு யார் சொல்வது?

இழுப்பறையைத் திறந்து டப்பாவைத் தூக்கினேன். சீட்டை அவள் முன்னால் வைத்தேன். ஊதா முத்திரையில் இருந்த திங்கட்கிழமைத் தேதியின் மேல் அவள் விரல் நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். விமானிகள் தங்கள் தவற்றை எழுதும் வெற்றுச் சீட்டுகளில் ஒன்றை உருவி என் பக்கம் நகர்த்தினாள்.

"பேர் எழுதத் தேவையில்லை, அண்ணை."

முதல் கட்டம் தேதிக்கு. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தேன். வெளியே மழைக்குள் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.