மாமாவுக்கு ஒரு தனி ரூம்

உலகம் தோன்றிய நாள்முதல் மனிதர்கள் செய்த வெட்டி வேலைகளிலேயே தலையாயது, கம்ப்யூட்டர் புரோகிராமின் துண்டுகளான 'கிளாஸ்'களைப் பேக்கேஜ் பேக்கேஜாகப் பிரித்து வைப்பதுதான். இது, கல்லூரியில் எல்லாரும் பீரங்கி என்று கூப்பிடும் மாணவனின் முடிவு. கேட்டவர்களுக்குச் சொன்னான், கேட்காதவர்களை நிறுத்தி வைத்துச் சொன்னான்.

"நான் எழுதின கிளாஸ் அத்தனையும் ஒரே இடத்துல கெடக்கு. எது எங்கன்னு என் மண்டைக்குள்ள இருக்கு. ஆளுக்கொரு ரூம் போட்டுக் குடிவைக்க இது என்ன லாட்ஜா?"

அவனுடைய புராஜெக்ட் கூட்டாளி நேர் எதிர். மருந்துக்கு ஒரு பேக்கேஜ், டாக்டருக்கு ஒன்று என்று பிரிப்பாள். ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரியும் எழுதிவைப்பாள். "வாசல்ல போர்டு வேற மாட்டறா" என்பான் பீரங்கி. அவளுக்கு 'அலமாரி' என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

இருவரும் செய்தது ஒரு கால்நடை மருத்துவமனைக்கான புரோகிராம். விலங்கும் கூண்டும் அவன் பங்கு; மருந்தும் டாக்டரும் அவள் பங்கு. "ஒரு தடவை ரெண்டையும் ஒட்டிப் பாத்துடலாம்டா" என்று அவள் வாரம் தவறாமல் கேட்டாள். "கடைசி நாள் காலையில பத்து நிமிஷ வேலை" என்று அவன் வாரம் தவறாமல் சொன்னான்.

கடைசி நாள் காலையும் வந்து சேர்ந்தது. மதியம் புராஜெக்டுக்கு மதிப்பெண் போடத் தேர்வாளர் வருகிறார். இதில் தேறினால்தான் அலமாரிக்குக் கிடைத்த வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் இருவருக்கும் இன்னொரு வருடம் இதே லேப், இதே ஆடுகிற நாற்காலி.

ஒட்டினார்கள். திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்புக் கோடு. அவளுடைய டாக்டருக்கு அவனுடைய நாய் யாரென்றே தெரியவில்லை.

"உன்னுது எதுவும் பேக்கேஜுக்குள்ள இல்ல. வெளிய கெடக்கறதை உள்ள இருக்கறவங்க கூப்பிடவே முடியாது. ஜாவா மொழியில அப்படித்தான்," என்றாள்.

"அப்ப உன்னுதையும் வெளிய கொட்டிடு."

ஒரு பிரதி எடுத்துக் கொட்டினாள். அவனிடம் 'ரிப்போர்ட்' என்று ஒரு கிளாஸ், அவளிடமும் அதே பெயரில் ஒன்று. ஒரே இடத்தில் இரண்டும் இருக்க முடியாது என்று கம்ப்யூட்டர் கறாராகச் சொல்லிவிட்டது. அவள் பிரதியை அழித்தாள். பீரங்கி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்தான். அதில் தண்ணீர் இல்லை.

"சரி," என்றான். "எனக்கும் ரூம் போடு."

"டெம்ப்னு ஒரு கிளாஸ் இருக்கே, அது எங்க போகணும்?"

"விலங்கு."

"டெம்ப் டூ?"

"கூண்டு... இரு, திறந்து பாத்துச் சொல்றேன்."

"மண்டைக்குள்ள இருக்குன்ன. மண்டை வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சா?"

அவன் டெம்ப் டூவைத் திறந்து பார்த்தான்.

"மாமான்னு ஒண்ணு இருக்கு. யாருடா இது?"

"எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கும். பேரு பொருத்தமா இருக்கட்டுமேன்னு எங்க சின்ன மாமா நினைவா வச்சேன்."

"அவரை எங்க வைக்கறது?"

"எங்க வீட்லயும் அதே பிரச்சினைதான். தனி ரூமே குடுத்துடு."

ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். பெரும்பாலான இடங்களில் கம்ப்யூட்டரே விலாசத்தை மாற்றிக்கொண்டது. மிச்சத்தைக் கையால் திருத்தினார்கள். சாப்பாட்டு மணி அடித்தபோது கடைசிச் சிவப்புக் கோடும் போயிருந்தது. நாய் டாக்டரிடம் போய், ஊசி போட்டுக்கொண்டு, கூண்டுக்குத் திரும்பியது. அலமாரி அதை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகும் ஒரு தடவை.

தேர்வாளர் ஒரு பூனையைச் சேர்க்கச் சொன்னார். புரோகிராம் பூனைக்கும் ஊசி போட்டது. "ம், போதும். பாஸ்," என்று எழுந்துவிட்டார்.

அலமாரி வெளியே படியில் உட்கார்ந்து, "அம்மா, தேறிட்டேம்மா" என்று போனில் சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். பீரங்கிக்கும் காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ இறங்கிப் போனது போலிருந்தது.

"சொன்னேன்ல, பத்து நிமிஷ வேலை," என்றான்.

அலமாரி வீசிய காலிப் பாட்டில் அவன் தோளில் பட்டு விழுந்தது.

"வா, டீ குடிக்கலாம்."

"நீ போ. சார்ஜரை விட்டுட்டேன்."

லேபில் யாருமில்லை. பீரங்கி புரோகிராமைத் திறந்தான். மற்ற எல்லாப் பேக்கேஜிலும் உள்ளே என்ன என்று அலமாரி எழுதிய ஒரு வரி இருந்தது. அவசரத்தில் மாமாவுக்கு மட்டும் விட்டுப்போயிருந்தது. லேப் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு டைப் செய்தான்: 'உள்ளே மாமா. கதவைத் தட்டிவிட்டு வரவும்.'

சேமித்துவிட்டு, சார்ஜரைச் சுருட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனான்.