திட்டிவாசலில் நின்ற பூட்ஸ்

பெரிய இரும்புக் கதவு, அதற்குள் ஓர் ஆள் குனிந்து நுழையும் திட்டிவாசல், அதன் முன்னால் மஞ்சள் கவுன் போட்ட நான்கு வயதுக் குழந்தை, உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார் கன்னியப்பன், இத்தனைக்கும் அன்று அவர் வாசல் பக்கமே வரவில்லை, மனைவி சொல்லிச் சொல்லி மனத்தில் படிந்த படம்தான், அப்பா, டீ ஆறுது பாரு, என்கிறாள் அந்தக் குழந்தை, பெயர் அமுதினி, இப்போது வயது முப்பத்தாறு, அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவள், தபாலில் வந்த வாக்குச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறாள், ஒரு கேள்வி வேடிக்கையா இருக்குப்பா, ஜெயில்ல தண்டனையா கட்டாய வேலை வாங்கலாம்னு இந்த ஸ்டேட்டோட அரசியல் சட்டத்துல ஒரு வரி இருக்காம், அத எடுத்துடலாமான்னு நம்மளக் கேக்கறாங்க.

நம்மளையா, என்று வாயைப் பிளந்தார், சட்டம் வீடு தேடி வந்து யோசனை கேட்குமா, அந்த வரியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கும், வெறும் தாளா, அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அமுதினி பேனாவைத் திறந்துவிட்டாள், எடுக்க வேணாம், இருக்கட்டும்னுதான் போடப்போறேன், சும்மா உக்காந்தா மனுஷன் கெட்டுடுவான், ஷூ கம்பெனி வேலைதான் என்னை மனுஷனா வெச்சிருந்துச்சுன்னு நீயே சொல்லுவியே, முப்பத்திரண்டு வருடம் அவர் பொத்திப் பொத்தி வளர்த்த பொய் இப்போது ஓட்டுப் போடவே கிளம்பிவிட்டது, தோல் வாசனை வருகிறது, மெழுகு நூல் விரலில் ஓடுகிறது, அடிதடி வழக்கு, மூன்று வருடக் கடுங்காவல், காவலர்களுக்கு பூட்ஸ் தைக்கிறார், வேலை பிடித்தும் இருக்கிறது, ஒருநாள் காய்ச்சலில் இன்னிக்கி முடியாதுங்க என்கிறார், முடியாதுன்னு சொல்ல நீ யார்றா என்று தனி அறையில் போடுகிறார்கள், பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்புகிறார்கள்.

பாப்பா, அது கம்பெனி இல்ல, ஜெயிலு, என்றார், வெட்கத்தில் தலை நிமிரவில்லை, வேலை மேல குத்தம் இல்லம்மா, ஒருநாள் முடியாதுன்னேன், அதுக்குத்தான் மஞ்ச கவுனோட நின்ன உன்ன ஆம்பூருக்கே திருப்பி அனுப்பிட்டாங்க.

அமுதினி பேனாவைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டாள், மகளை இழந்துவிட்டோம் என்றே பயந்தார், பிறகு அவள் குரல் வந்தது, மஞ்ச இல்லப்பா, பச்ச கவுன், அப்பாவுக்கு லீவு தரலன்னு அம்மா அழுதுச்சு, அந்தச் சின்னக் கதவுல ஒரு ஆளு நின்னாரு, மூஞ்சி ஞாபகமில்ல, பூட்ஸ் மட்டும் புதுசா பளபளன்னு இருந்துச்சு, பூட்ஸ் மூக்குல ரெண்டு வரிசை தையலா, என்று அவசரமாகக் கேட்டார், ஆமாப்பா, ரெண்டு வரிசை, குனிஞ்சு தொட்டுப் பாத்தேன், அந்த ஆளு காலை இழுத்துக்கிட்டாரு, சொல்லிக்கொண்டே எடுத்துவிடலாம் என்ற வட்டத்தைக் கருப்பாக நிரப்பினாள், கன்னியப்பன் கண்ணை மூடினார், இப்போது கதவுக்கு வெளியே நிற்கிறார், பச்சைக் கவுனின் பக்கத்தில், திட்டிவாசலில் பூட்ஸ், அவர் தைத்த தையலின் மேல் ஒரு சின்ன விரல்.